மறுமுனையில் யார்?

2022ஆம் ஆண்டில் இந்தியாவின் பல மாநிலங்களில், தமிழ்நாட்டிலும்தான், கைபேசி வைத்திருந்தோர் பலருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. முந்தைய மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, எனவே இன்றிரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின் அலுவலரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். கீழே பத்து இலக்கக் கைபேசி எண் ஒன்று தரப்பட்டிருந்தது. சிலருக்குச் செய்தி வராமல் அழைப்பே நேரடியாக வந்தது. மின்வாரியத்தின் பெயரில் வந்த இவை எவையும் மின்வாரியம் அனுப்பியவை அல்ல.

இம்மோசடியில் மறுமுனையில் பேசுபவர் மிரட்டுவதில்லை. உதவ வந்தவர் போலவே பேசுகிறார். “நீங்கள் கட்டணம் செலுத்திவிட்டீர்கள் ஐயா, எங்கள் கணினியில்தான் பதிவாகவில்லை. பத்து ரூபாய் மட்டும் செலுத்தினால் பதிவு சரியாகிவிடும்” என்கிறார். செலுத்துவதற்கு உதவியாக ஒரு செயலியைத் தரவிறக்கச் சொல்கிறார். அது எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஒரு திரைப்பகிர்வுச் செயலி. தொலைவிலுள்ள கணினியைப் பழுதுபார்க்கும் நல்ல நோக்கத்திற்காக உருவாக்கப்பட்டவை அவை. ஆனால், அதில் தோன்றும் எண்ணை அழைப்பவரிடம் சொன்னவுடன், நம் கைபேசித் திரை முழுவதும் அவர் பார்வைக்குச் சென்றுவிடுகிறது. பிறகு பத்து ரூபாய் செலுத்துவதற்காக நாம் தட்டச்சு செய்யும் அட்டை எண், கடவுச்சொல், வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல் ஆகிய அனைத்தையும் அவர் காண்கிறார். கணக்கிலிருந்து போவது பத்து ரூபாய் அன்று. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கோ மருத்துவச் செலவிற்கோ பல மாதங்களாகச் சேர்த்துவைத்த தொகை.

அந்தப் பத்து ரூபாய்தான் இந்தச் சூழ்ச்சியின் நுட்பமான பகுதி. பத்தாயிரம் கேட்டிருந்தால் எவரும் தயங்கியிருப்பர். பத்து ரூபாய்க்காக யார் ஏமாற்றுவார் என்று மனம் தானே சமாதானம் கூறிக்கொள்கிறது. தூண்டிலில் மாட்டும் புழு சிறிதாக இருப்பதே மீனவனுக்கு நல்லது.

பொய்யின் தடங்கள்

அச்செய்தியை ஆற அமரப் படித்தால் அதன் பொய்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கான மின் அளவீடு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறையே எடுக்கப்படுகிறது. மாதந்தோறும் கட்டணம் என்பதே இங்குள்ள வழக்கம் அன்று. நாடு முழுமைக்கும் ஒரே செய்தியை அனுப்பியவர்கள் ‘முந்தைய மாதக் கட்டணம்’ என எழுதியபோது இந்த வேறுபாட்டை எண்ணவில்லை. அடுத்து, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, கட்டணம் செலுத்தாத ஒருவரின் இணைப்பைத் துண்டிக்கும் முன் குறைந்தது பதினைந்து முழு நாள்கள் அவகாசம் தந்து எழுத்து வடிவில் அறிவிப்பு வழங்கவேண்டும் என்கிறது. இன்றே, இரவு 9.30 மணிக்கே என்னும் அவசரத்திற்குச் சட்டத்தில் இடமில்லை. மேலும், அச்செய்தியில் மின் இணைப்பு எண் இல்லை. யாருடைய இணைப்பைத் துண்டிக்கப் போகிறார்கள் என்பது அனுப்பியவருக்கே தெரியாது.

இவ்வளவு வெளிப்படையான பொய்யைப் படித்தவர்களும் ஏன் நம்பினர்? ஏமாந்தவர் அறிவில்லாதவர் என்று எண்ணுவது எளிது. அவ்வாறு எண்ணுவதே நம்மையும் ஏமாறச் செய்யும். ஆசிரியர்களும் பொறியாளர்களும் ஓய்வுபெற்ற அலுவலர்களும் இத்தகைய மோசடிகளில் பணம் இழந்துள்ளனர். சொல்லப்போனால், கட்டணத்தைத் தள்ளிப்போடும் பழக்கமுடையவரைவிட, கெடு தவறாமல் செலுத்துபவரையே இச்செய்தி அதிகம் கலங்கவைக்கும். தம்மிடம் தவறில்லை, ஏட்டில்தான் ஏதோ பிழை என்பது அவருக்கு நம்பத்தக்கதாக இருக்கிறது. அப்பிழையை உடனே நீக்கிவிட அவர் துடிக்கிறார். மோசடி செய்பவர் பற்றிக்கொள்வது அவரது அறியாமையை அன்று, அவரது ஒழுங்கைத்தான்.

அதனுடன் நேரமும் சேர்ந்துகொள்கிறது. இரவு நெருங்குகிறது, அலுவலகம் மூடியிருக்கிறது, வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையோ படுத்த படுக்கையாய் முதியவரோ இருக்கலாம். எண்ணிப் பார்ப்பதற்கும் பிறரிடம் கேட்பதற்கும் உரிய நேரத்தை முதலில் பறித்துவிட்டால், பணத்தைப் பறிப்பது எளிது. ‘அழைப்பைத் துண்டிக்காதீர்கள்’ என்று அவர்கள் திரும்பத்திரும்பக் கூறுவதும் இதற்காகவே. அழைப்பு துண்டிக்கப்பட்டால், அந்த இடைவெளியில் நாம் அடுத்த வீட்டாரிடம் ஒரு சொல் கேட்டுவிடக்கூடும்.

இலச்சினையும் எண்ணும்

செய்தி யாரிடமிருந்து வருகிறது என்பதை அறியும் தேவை புதியதன்று. சிலப்பதிகாரத்தில், மதுரைக்குச் செல்லும் வழியில் இருக்கும் கோவலனிடம் கோசிகமாணி மாதவியின் ஓலையைக் கொடுக்கிறான். ஓலையை விரிக்கும் முன்பே, அதன்மேல் கூந்தலால் ஒற்றிய மண் இலச்சினையின் மணத்தைக் கொண்டு, எழுதியவள் யாரெனக் கோவலன் உணர்கிறான். செய்தியை நம்புவதற்குச் செய்தி மட்டும் போதாது, அனுப்பியவரை உறுதிசெய்யும் அடையாளம் ஒன்று தனியே வேண்டும் என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர்.

தொலைபேசியில் நாம் இலச்சினையாகக் கருதுவது திரையில் தோன்றும் எண்ணை. ஆனால், அவ்வெண்ணைப் பொய்யாகத் தோற்றுவிக்க இயலும். இணையவழிக் குரல் அழைப்புகளில், அழைப்பவரின் எண்ணாக எதைக் காட்டவேண்டும் என்பதை அனுப்பும் முனையிலேயே மாற்றிவிட முடிகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு உள்நாட்டு எண்ணுடன் தோன்றுவது இவ்வாறுதான். இத்தகைய அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பை இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபர் 22 அன்று தொடங்கியது. தொடங்கிய 24 மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 1.35 கோடி பொய் அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. ஒரே நாளில் இத்தனை கோடி என்னும்போது, இதனை ஓரிரு கயவர்களின் செயலாகக் கருத முடியாது; இது பெருந்தொழில்.

எண்ணைப் போலவே, அழைப்பவர் நம்மைப் பற்றி அறிந்துவைத்திருக்கும் செய்திகளும் அவரது அடையாளத்திற்குச் சான்றாகா. நம் பெயர், முகவரி, ஆதார் எண்ணின் இறுதி நான்கு இலக்கங்கள், எந்த வங்கியில் கணக்கு உள்ளது என்பனவற்றை அவர் சரியாகச் சொன்னவுடன், ‘இவர் உண்மையான அலுவலர்தான்’ எனப் பலரும் நம்பிவிடுகின்றனர். கடைகளில் எழுதித் தரும் படிவங்கள், நகலெடுக்கும் கடையில் விட்டுவந்த தாள்கள், நிறுவனங்களின் கணினிகளிலிருந்து கசிந்த தரவுகள் எனப் பல வழிகளில் இவை வெளியே உலவுகின்றன. நம்மைப் பற்றி அவருக்குத் தெரியும் என்பதால் அவரைப் பற்றி நமக்குத் தெரிந்துவிட்டதாக ஆகாது.

குறுஞ்செய்திகளில் மட்டும் ஓரளவு தெளிவு உண்டு. பதிவுபெற்ற நிறுவனங்களின் செய்திகள் பத்து இலக்க எண்ணிலிருந்து வருவதில்லை. எழுத்துகளாலான தலைப்புப் பெயருடன் வருகின்றன. 2025 முதல் அத்தலைப்பின் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்க்கப்படுகிறது. ‘ஜி’ என்பது அரசுச் செய்தியையும், ‘டி’ என்பது பரிவர்த்தனையையும், ‘எஸ்’ என்பது சேவையையும், ‘பி’ என்பது விளம்பரத்தையும் குறிக்கும். குரல் அழைப்புகளுக்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு. விளம்பர அழைப்புகளுக்கு 140 எனத் தொடங்கும் எண்களும், வங்கி முதலிய நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு 1600 எனத் தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. இவை துணையாகும்; ஆயினும் இவற்றை மட்டுமே முழுமையாக நம்பியிருத்தல் கூடாது.

ஒரு முகம், பல முகமூடிகள்

மின்வாரியத்தின் இடத்தில் வேறு நிறுவனத்தை வைத்தாலும் கதை மாறுவதில்லை. வங்கி என்றால் வாடிக்கையாளர் விவரம் புதுப்பிக்கப்படவில்லை, கணக்கு முடக்கப்படும் என்பர். எரிவாயு முகமை என்றால் மானியம் நின்றுவிடும். கல்வித் துறை என்றால் பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, பெற்றுக்கொள்ள இந்த விரைவுக் குறியீட்டை வருடுங்கள் என்பர். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோரைக் குறிவைப்பது இந்தக் கடைசி வகை.

தொலைத்தொடர்பின் பெயரால் நடப்பது சற்றே வேறுபட்டது. ‘இது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். இன்னும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும். விவரமறிய ஒன்பதை அழுத்தவும்’ எனப் பதிவுசெய்த குரல் ஒன்று பேசும். ‘டிராய்’ எனப்படும் அந்த ஆணையம் நிறுவனங்களுக்கு விதிகளை வகுக்கும் அமைப்பு. தனிமனிதர் எவரது எண்ணையும் அது துண்டிப்பதில்லை. வேறு சில அழைப்புகளில், இணைப்பு துண்டிக்கப்படாமலிருக்க விண்மீன் குறி, 401, மீண்டும் விண்மீன் குறி, அதன்பின் ஒரு கைபேசி எண் என அழுத்தச் சொல்வர். அவ்வாறு அழுத்தினால் நமக்கு வரவேண்டிய அழைப்புகள் எல்லாம் அந்தக் கைபேசிக்குத் திருப்பிவிடப்படும். வங்கி குரல் வழியே தரும் கடவுச்சொல்லும் அங்கேயே போய்ச் சேரும். இதனால் இம்முறையில் அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது.

ஒன்பதை அழுத்தியவர் அடுத்துச் சென்று சேரும் இடம் இன்னும் கொடியது. அவரது ஆதாரைக் கொண்டு வாங்கிய மற்றொரு எண் குற்றத்தில் சிக்கியிருப்பதாகக் கூறி, அழைப்பு ‘காவல்துறைக்கு’ மாற்றப்படுகிறது. காணொளியில் சீருடை அணிந்த ஒருவர் தோன்றுகிறார். பின்னணியில் காவல் நிலையம் போன்ற அமைப்பு. ‘நீங்கள் மின்னணுக் கைதில் இருக்கிறீர்கள். அறையை விட்டு வெளியேறக் கூடாது, எவரிடமும் பேசக் கூடாது’ என்கிறார். தனியே வாழும் முதியோர் பல மணி நேரமும், சிலர் பல நாள்களும், கைபேசிக்கு முன் அமர்ந்தவாறே இருந்து தம் வாழ்நாள் சேமிப்பை ‘சரிபார்ப்பு’க்காக அனுப்பியிருக்கின்றனர். காணொளி வழியாக ஒருவரைக் கைதுசெய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. விசாரணைக்கு முன்னிலையாகுமாறு காவல்துறை வழங்கும் அறிவிப்பைக்கூட வாட்ஸ்அப் வழியாக அனுப்புவது முறையாகாது என உச்சநீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. சிறைக்குக் கதவு வேண்டும். இந்தச் சிறைக்குக் கதவு இல்லை, அச்சம் மட்டுமே இருக்கிறது.

குரலுக்குரியவர்கள்

தொலைபேசி மோசடி என்றவுடன் ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஜாம்தாரா மாவட்டம் பலர் நினைவுக்கு வரும். ஒரு மாவட்டத்தில் சிலர் செய்த குற்றம் அம்மண்ணின் மக்கள் அனைவர்க்கும் பெயராகிவிட்டது வருந்தத்தக்கது. இன்று இத்தொழிலின் களம் எல்லைகளைக் கடந்துவிட்டது. கணினி வேலை, நல்ல ஊதியம் என நம்பித் தென்கிழக்கு ஆசியாவுக்குச் சென்ற இளைஞர்கள் பலர், காவலிட்ட வளாகங்களில் அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யுமாறு வதைக்கப்பட்டிருக்கின்றனர். மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இவ்வாறு சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் 2022ஆம் ஆண்டில் மீட்கப்பட்டு ஊர் திரும்பினர். மறுமுனையில் பேசும் குரல் சிலவேளைகளில் இன்னொரு ஏமாந்தவருடையது.

நம்மிடையே வாழும் மாணவர்களுக்கும் இதில் ஒரு வலை விரிக்கப்படுகிறது. ஏமாற்றிப் பெற்ற பணம் நேரே குற்றவாளியின் கணக்கிற்குச் செல்வதில்லை. பல வாடகைக் கணக்குகள் வழியாகப் பாய்ந்து மறைகிறது. ‘உன் வங்கிக் கணக்கையும் அட்டையையும் சில நாள் தா, வரும் தொகையில் ஒரு பங்கு உனக்கு’ என்று சொல்வோருக்கு இணங்கிய இளைஞரின் வீட்டு வாயிலுக்கே முதலில் காவல்துறை வரும். பணம் சென்ற தடத்தில் தெரியும் முதல் பெயர் அவருடையது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, கணினி அல்லது தொடர்புக் கருவி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. உடந்தையானவர் தமக்கு ஒன்றும் தெரியாது எனச் சொல்லித் தப்புவது எளிதன்று.

அழைப்பு வந்தால்

உண்மையான அழைப்பையும் பொய்யான அழைப்பையும் பேச்சைக் கொண்டு பிரித்தறிய முயல்வது வீண் வேலை. அவர் பயிற்சி பெற்றவர். நாமோ அந்தக் கணத்தில் கலங்கியிருப்பவர். வாதிட்டு வெல்ல முனைவோர், தம்மை அறியாமலே மேலும் பல தகவல்களைக் கொடுத்துவிடுகின்றனர். எனவே, பேச்சைத் தொடராமல் அழைப்பைத் துண்டித்துவிட்டு, அந்நிறுவனத்தை நாமே அறிந்த வழியில் சென்றடைவதுதான் சரி. அழைத்தவர் தந்த எண்ணை மீண்டும் அழைப்பது சரிபார்ப்பு ஆகாது. அதே மனிதரோ அவரது கூட்டாளியோதான் எடுப்பார். மின்கட்டண அட்டையிலும் இரசீதிலும் உள்ள விவரம், வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண், கணக்குப் புத்தகத்தில் உள்ள கிளையின் எண் ஆகியவை நம் கையிலேயே இருப்பவை. மின் நுகர்வோருக்கு ‘மின்னகம்’ என்னும் சேவை மையம் இரவும் பகலும் இயங்குகிறது. இணையத்தில் தேடி எண்ணை எடுக்கும்போது எச்சரிக்கை வேண்டும். வாடிக்கையாளர் சேவை எண் என்ற பெயரில் மோசடியாளர்களே தம் எண்களை இணையத்தில் பதித்துவைப்பதுண்டு. உதவி தேடிப் போனவர் தாமாகவே அவர்களை அழைத்துவிடுகிறார்.

பணம் தொடர்பான இரண்டு செய்திகளைத் தெளிவாக அறிந்திருந்தால் பெரும்பாலான வலைகள் அறுந்துவிடும். முதலாவது, யு.பி.ஐ. முறையில் இரகசிய எண்ணைப் பதிவுசெய்வது நம் கணக்கிலிருந்து பணம் வெளியே செல்வதற்குத்தானே தவிர, உள்ளே வருவதற்கு அன்று. உதவித்தொகை பெறவும் பரிசு பெறவும் இரகசிய எண் கேட்பவர் பொய்யர். இரண்டாவது, ஓ.டி.பி. என வழங்கும் ஒருமுறைக் கடவுச்சொல். அது வரும் செய்தியில் எண்ணை மட்டும் பார்த்து வாசித்துச் சொல்வது பலரின் பழக்கம். முழுச் செய்தியையும் படித்தால், எவ்வளவு தொகை, யாருக்குச் செல்கிறது என்பது அதிலேயே எழுதியிருக்கும். வாட்ஸ்அப் வழியே வரும் கோப்புகளிலும் கவனம் தேவை. ‘ஏ.பி.கே.’ என முடியும் கோப்பு இரசீது அன்று. அது ஒரு செயலி. நிறுவிய பின் நம் குறுஞ்செய்திகளை அது வேறோர் இடத்திற்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

பணம் போய்விட்டால்

திரைப்பகிர்வுச் செயலி இயங்கிக்கொண்டிருந்தால், முதலில் கைபேசியின் இணைய இணைப்பைத் துண்டிக்கவேண்டும். விமானப் பயன்முறைக்கு மாற்றுவது எளிய வழி. பிறகு வேறு கைபேசியிலிருந்து 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்கவேண்டும். புகார் பதிவானவுடன், பணம் சென்ற வங்கிக்கு அச்செய்தி உடனே அனுப்பப்படுகிறது. பணம் அங்கேயே இருந்தால் எடுக்க முடியாதபடி நிறுத்திவைக்கப்படும். அடுத்த வங்கிக்குப் போயிருந்தால் அறிவிப்பும் அவ்வங்கியைத் தொடர்ந்து செல்லும். பணமும் புகாரும் ஓடும் ஓட்டப்பந்தயம் இது. பணம் எந்திரத்தில் எடுக்கப்பட்டுத் தாளாகிவிட்டால் பந்தயம் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகவேதான் முதல் ஒரு மணி நேரம் பொன்னானது என்கின்றனர்.

வங்கிக்குத் தெரிவிப்பதிலும் காலம் கணக்கிடப்படுகிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தாமே இரகசியத் தகவலை வெளியிட்டதால் நேர்ந்த இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்கவேண்டும். தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் தவறின்றி வேறிடத்தில் நேர்ந்த குறைபாட்டால் பணம் போயிருந்தால், மூன்று வேலைநாள்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில் பொறுப்பில்லை. பேசிய எண், நேரம், பரிவர்த்தனை எண், திரைப்பதிவு ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்து, தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம்.

இவ்வளவு ஏற்பாடுகளையும் பயனற்றதாக்கும் ஒன்று உண்டு: வெட்கம். ஏமாந்த தாத்தா மகனிடம் சொல்லத் தயங்குகிறார். அம்மா மாலைவரை பொறுத்து, அப்பா வந்த பின் சொல்லலாம் என்றிருக்கிறார். அந்தத் தயக்கத்திற்குள் பணம் மூன்று கணக்குகளைக் கடந்துவிடுகிறது. ‘இதைக்கூட அறியாமலா இருந்தீர்கள்’ என்று அந்நேரத்தில் எழும் ஒரு சொல், அடுத்த முறை அவர்களை முற்றிலும் ஊமையாக்கிவிடும். வீட்டில் கட்டணங்களைக் கைபேசியில் செலுத்தித் தருவதும், ஆங்கிலக் குறுஞ்செய்திகளைப் படித்துச் சொல்வதும் பெரும்பாலும் பதினோராம் வகுப்பு மாணவர்களே. ஆதலால், 1930 என்னும் எண்ணை முதலில் அழுத்தவேண்டிய கையும் அவர்களுடையதாகவே இருக்கக்கூடும்.

பணம் இழக்காதவரும் புகார் அளிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் ‘சக்ஷு’ என்னும் பகுதி 2024 மார்ச்சில் தொடங்கப்பட்டது. ஐயத்திற்குரிய அழைப்பு அல்லது செய்தி வந்த எண்ணை அங்கே தெரிவிக்கலாம். அதே தளத்தில் நம் பெயரில் எத்தனை கைபேசி இணைப்புகள் உள்ளன என்பதையும் பார்க்க முடியும். நாம் வாங்காத எண் ஏதேனும் அப்பட்டியலில் இருந்தால், அது நம்முடையது அன்று என அங்கேயே குறித்து நீக்கக் கோரலாம். அவ்வெண்ணிலிருந்து நம் பெயரால் வேறொரு வீட்டிற்கு அழைப்பு போய்க்கொண்டிருக்கக்கூடும்.